காத்திருப்பும் வழக்கும்

2024இல் வெளிவந்த இரு இசைத்தொகுப்புகளை அடுத்தடுத்துக் கேட்டோம். இரண்டும் பறிபோனதைப் பற்றியவை.

'த கியூர்' என்ற ஆங்கிலேய றொக் குழுவினர் 16 ஆண்டுகளின் பின் தந்த 'சோங்ஸ் ஒவ் எ லொஸ்ற் வேர்ல்ட்' தொகுப்பில் எட்டுப் பாடல்களே உள்ளன. அவற்றுள் ஒன்று, பாடகர் றொபேட் சிமித் தமது தமையனின் மரணத்தைப் பாடியது. முதற் பாடலில் அவரது குரல் வர மூன்று நிமிடங்களுக்கு மேலாகிறது. இறுதிப் பாடலில் ஆறு நிமிடங்கள். சாவீட்டுக்குப் போனவர் வாய் திறக்க எடுக்கும் நேரமாகவே எமக்கு அது பட்டது.

பியோன்சேயின் 'கவ்போய் காட்டர்' ஒரு வழக்கு. கன்ட்ரி இசை வெள்ளையருக்கே உரியது என்ற எண்ணத்துக்கு எதிராக, அவர் 27 தடங்களில் வாதாடுகிறார். 1970இல் வெளிவந்த ஒரேயொரு தொகுப்போடு அத்துறையிலிருந்து ஒதுங்க நேர்ந்த கறுப்பினப் பாடகி லிண்டா மார்ட்டெலின் குரல் இதில் ஒலிக்கிறது. வழக்கு நியாயமானது. ஆனால் வில்லி நெல்சன், டொலி பார்ட்டன் எனச் சாட்சிகள் வந்து பேசிப் போவதில் பாட்டுகள் மூச்சுத் திணறுகின்றன. 'புரொடெக்ரர்' என்ற தாலாட்டில் வாதம் ஓய்கிறது. அங்குதான் நாம் அவருக்கு மிக அருகில் நின்றோம்.

2025இல் ஆண்டின் சிறந்த தொகுப்புக்கான கிராமி விருது பியோன்சேக்குக் கிடைத்தது. அதில் எமக்கு மனத்தாங்கல் இல்லை. எனினும் இரவில் மறுபடி போட்டுக் கேட்பது மற்றையதையே. இழப்பைப் பாடும் இறுவட்டு இல்லாத வீடு நம்மிடையே குறைவு. அவற்றிலும் சாட்சிகள் அதிகம், காத்திருப்பு அரிது.