சிவிங்கியும் கத்தரிக்கோலும்

புகைப்படக் கலையைப் பற்றி நாவலாசிரியன் அபிப்பிராயம் சொல்லலாமா என்று சிலர் கேட்கக்கூடும். சொல்லலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எதை எழுதுவது என்பதைவிட எதை விடுவது என்பதில்தான் கதாசிரியனுக்குச் சங்கடம் அதிகம். வனவிலங்குகளைப் படம் பிடிக்கிறவர்களுக்கும் அதே சங்கடம் உண்டு. எடுத்த படத்தின் நான்கு ஓரங்களிலும் எதை வெட்டுவது, எதை வைத்துக்கொள்வது என்று அவர்கள் தீர்மானித்தாக வேண்டும். ஒருவர் வெட்டிய இடத்தைப் பார்த்தாலே அந்த மிருகத்தைப் பற்றி அவர் என்ன நினைக்கிறார் என்பது தெரிந்துவிடும்.

புதுச்சேரியில், பாகூர் கொம்யூனைச் சேர்ந்த குருவிநத்தத்தில் எங்கள் உறவினர் குடும்பம் ஒன்று இருக்கிறது. இந்தப் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றைப் போல அதிலும் ஒரு கிளை பிரான்சுக்குப் போய்விட்டது. எனக்குப் பிள்ளை முறையாகிற ஒருவன் பாரிஸிலிருந்து கென்யாவுக்கு சஃபாரி போய்விட்டு, அந்தப் படங்களோடு ஊருக்கு வந்திருந்தான். சஃபாரி என்றால் ஸ்வாஹிலி மொழியில் பயணம் என்றுதான் அர்த்தம். நம் காலத்தில் அது மிருகங்களைப் பார்க்கப் போகிற பயணம் என்று ஆகிவிட்டது.

மசாய் மாராவில் எடுத்த சிவிங்கிப் படம் ஒன்றை எல்லோரும் மிகவும் மெச்சினார்கள். சிவிங்கி நம் நாட்டிலும் இருந்த பிராணிதான். 1952இல் அது இங்கே அற்றுப்போனதாக அறிவித்தார்கள். 2022இல் நமீபியாவிலிருந்து எட்டுச் சிவிங்கிகளைக் கூனோவுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். பையன் எடுத்த படத்தில் அதன் முகம் மட்டும் சட்டம் முழுவதையும் நிறைத்துக்கொண்டிருந்தது. கண்ணிலிருந்து வாய்வரை இறங்கும் கறுப்புக் கோடு, மீசை மயிர் எல்லாம் துல்லியம். வெட்டாத மூலப் படத்தைக் காட்டச் சொன்னேன். அதில் சிவிங்கி ஒரு மண்மேட்டில் உட்கார்ந்திருந்தது. பின்னால் ஏழெட்டு வேன்கள். இடது ஓரத்தில், வெகு தூரத்தில், மான் கூட்டம் ஒன்று புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. சிவிங்கி பார்த்துக்கொண்டிருந்தது அந்த மான்களை.

"ஏண்டா, இதையெல்லாம் எதுக்கு வெட்டினே?" என்றேன்.

"வேன் யாருக்கு வேணும் சித்தப்பா? மான் கண்ணுக்கே தெரியல. அதனாலதான் வெட்டிட்டேன்" என்றான்.

அவன் பக்கத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. மாராவில் இஷ்டப்பட்ட இடத்தில் வண்டியைவிட்டு இறங்க முடியாது. கிட்டே போக முடியாதவன் பிறகு வெட்டித்தான் கிட்டே கொண்டுவர வேண்டும். அதற்கும் ஒரு விலை உண்டு. இரண்டு கோடியே நாற்பது லட்சம் புள்ளிகளால் ஆன படத்தை அகலத்தில் பாதி, உயரத்தில் பாதி என்று வெட்டினால் மிஞ்சுவது அறுபது லட்சம்தான். இருட்டறைக் காலத்தில் பிலிமின் ஒரு மூலையைப் பெரிதாக்கினால் மணல் மணலாகத் தெரியுமே, அந்தக் கதைதான் இதுவும்.

நான் குறை சொல்வது வேறு விஷயத்தை. மிருகம் பார்க்கிற பக்கம் சிறிது இடம் விடு என்பது இந்தக் கலையின் பால பாடம். அழகுக்காகச் சொன்ன விதி என்று பலர் நினைக்கிறார்கள். பார்வைக்கு ஒரு பொருள் இருக்கிறது, அந்தப் பொருளில் மிருகத்தின் பிழைப்பு இருக்கிறது என்பதுதான் அதன் உள்ளர்த்தம். மான்களை வெட்டியதும் சிவிங்கியின் பசி போய்விட்டது, அதன் யோசனையும் போய்விட்டது. மிஞ்சியது வெறும் கம்பீரம். கதையிலிருந்து சம்பவத்தை எடுத்துவிட்டுக் கதாநாயகியின் முகத்தை மட்டும் பத்துப் பக்கம் வர்ணிக்கும் தொடர்கதை ஆசிரியரைப் போலத்தான் இதுவும்.

இதே வேலையை வேறு விதமாகச் செய்தவர் நம்மிடையே இருந்தார். நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வர் மா. கிருஷ்ணன் (1912-1996). பல காமிராக்களின் உறுப்புகளைச் சேர்த்துத் தாமே அமைத்துக்கொண்ட கருவியால், கறுப்பு வெள்ளையிலேயே கடைசிவரை படம் எடுத்தார். 2006இல் வந்த 'ஐ இன் த ஜங்கிள்' தொகுப்பைப் புரட்டினால் அவருடைய பார்வை விளங்கும். அவருடைய யானை தனியாக நிற்பதில்லை. அதனோடு மூங்கிலும் புதரும் நிழலும் நிற்கின்றன. பார்த்தவுடன் பிரமிக்க வைக்கும் படங்கள் அல்ல அவை. யானை எங்கே நிற்கிறது, என்ன தின்கிறது, யாரோடு போகிறது என்று ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்ட பிறகு, அந்தப் பக்கத்தை விட்டு மனம் நகர மாட்டேன் என்கிறது.

வேன்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஃபியாப், அமெரிக்கப் புகைப்படச் சங்கம், பிரிட்டனின் ராயல் புகைப்படச் சங்கம் மூன்றும் இயற்கைப் படங்களுக்குப் பொதுவாக ஒரு விதி வைத்திருக்கின்றன. படத்தின் நடுவிலிருந்து எதையும் அழிக்கக் கூடாது, எதையும் சேர்க்கக் கூடாது, ஓரத்தை வெட்டலாம். அந்த விதி எனக்கு நியாயமாகவே படுகிறது. அழிக்கிறவன் "அது அங்கே இல்லை" என்கிறான். வெட்டுகிறவன் "நான் இவ்வளவுதான் காட்டுகிறேன்" என்கிறான். முன்னது பொய், பின்னது மௌனம்.

ஆனால் மௌனமும் சில சமயம் பொய்க்குத் துணை போகும். மாராவில் நடத்தி 2018இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, சுற்றுலா வாகனங்கள் மிகுந்த பகுதிகளில் தாய்ச் சிவிங்கிகள் வளர்த்து ஆளாக்கும் குட்டிகள் மிகவும் குறைவு என்று சொல்கிறது. வேனில்லாத படத்தைப் பார்த்துத்தான் அந்த ஏகாந்தத்தை நாடி அடுத்த வேன் புறப்படுகிறது. ஏழெட்டு வேன்களும் தெரியும்படி ஒரு படத்தையாவது பையன் ஊராருக்குக் காட்டியிருந்தால், சிவிங்கிக்கு அது சிறு உபகாரமாக இருந்திருக்கும்.

வெட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கண்ணை வீணாக இழுக்கும் வெள்ளைக் கல், குறுக்கே வந்த கிளை, வெறும் வானம் ஆகியவற்றைத் தாராளமாக வெட்டலாம். மிருகம் எதை நம்பி வாழ்கிறதோ, எதற்குப் பயந்து வாழ்கிறதோ, அதை வெட்டுமுன் இரண்டு தரம் யோசிக்க வேண்டும். பாகூர் ஏரியில் கொக்கைப் படம் எடுக்கிற நம் பிள்ளைகளுக்கும் இதுவே பொருந்தும். கொக்குக்குப் பின்னால் நாற்று நடும் பெண்களும் மின்சாரக் கம்பியும் இருந்தால் இருக்கட்டும். கொக்கு அவற்றோடுதான் காலம் தள்ளுகிறது. குருவிநத்தம் என்ற பெயரிலேயே குருவியும் இருக்கிறது, மனிதர் குடியிருக்கும் நத்தமும் இருக்கிறது. ஒன்றை வெட்டிவிட்டால் பிறகு அது ஊரின் பெயராக இராது.