செக்றோலும் சிறுகதையும்

பதுளையை அடுத்த ஸ்பிரிங்வெளியின் பெயரிலே ஒரு சுவையான மாற்றம் உண்டு. பள்ளத்தாக்கைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் தொழிலாளர் நாவில் ‘வெளி’ ஆயிற்று. கம்பனி ஏட்டிலுள்ள பெயரும் மக்கள் வழங்கும் பெயரும் சுட்டுவது ஒரே இடத்தைத்தான். ஆயினும் பின்னதில் அம்மக்களின் மொழியும் மனமும் கலந்துவிட்டன. மலையகப் புனைகதையில் மெய்யும் புனைவும் கலப்பதும் ஏறத்தாழ இவ்வாறே.

ஒரு பெண்ணுக்கு ‘அரைப்பேர்’ விழுந்தமை செக்றோலிற் பதிவாகும். கொழுந்து ஏன் குறைந்தது, பிள்ளைக்காம்பராவில் விட்டுவந்த குழந்தைக்குக் காய்ச்சலா, கங்காணியின் பகையா என்பன அதில் இடம்பெறா. எழுத்தாளன் புனைவது இப்பகுதியையே.

எனினும், ‘உண்மைச் சம்பவம்’ என்ற முத்திரை ஒரு கதையைக் கலையாக்கிவிடாது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தையும் 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தையும் பொருளாகக் கொண்ட கதைகள் சிலவற்றில் மாந்தர் பேசுவதில்லை. அவர்கள் வாயிலாகத் துண்டுப் பிரசுரமே பேசுகிறது. இந்தியாவுக்கு அனுப்பப்பட வேண்டியோர் 5,25,000 பேர் என்ற கணக்கு மெய்யே. ஆனால் கதையில் அந்தக் கணக்குக்கு ஒரு முகம் வேண்டும். விமர்சகர் பலர் ‘மண்வாசனை’ என்ற ஒரு சொல்லால் இக்குறையை மன்னித்துவிட்டனர்!

தமிழகத்திலிருந்து புதுமைப்பித்தன் எழுதிய ‘துன்பக்கேணி’ (1935) இதற்கு மறுதலையானது. தோட்டத் தொழிலின் நுணுக்கங்கள் அதிற் குறைவு; மருதியின் அவலமோ மறக்கவொண்ணாதது. ஆகவே, அக்கதையைத் தோட்ட வாழ்வின் ஆவணமாகக் கொள்வோர் சற்று நிதானித்தல் தகும்.

பதுளைப் பகுதித் தோட்டமொன்றின் பெயரையே தம் பெயரோடு இணைத்துக்கொண்ட தெளிவத்தை ஜோசப் (1934–2022) இவ்விரு குறைகளுக்கும் அப்பாற்பட்டு நிற்கிறார். அவருடைய ‘மீன்கள்’ கதையின் களம் லயத்து ஒற்றை அறை. அவ்வறையை எவரும் சென்று அளந்து பார்க்கலாம். அதிலே நெருங்கிக் கிடக்கும் குடும்பமோ ஆசிரியரின் படைப்பு. இருளில் ஒரு தகப்பனுக்கு நேரும் தடுமாற்றத்தை அவர் உரத்துச் சொல்லவில்லை, வீட்டுரிமை பற்றிப் பிரசங்கிக்கவுமில்லை. லயத்தின் நீள அகலங்களை அறிய விரும்பும் வரலாற்று மாணவனுக்கு அறிக்கைகள் உள. விடிந்தபின் வீட்டார் முகத்தில் விழிக்க அத்தகப்பன் கூசுவதை அறிய இக்கதைக்கே வரவேண்டும்.