பண்பாட்டின் பாஸ்போர்ட் படம்

அயல்நாட்டுப் பண்பாடு நம்மூருக்கு வரும்போதெல்லாம் ஒரு மேசையின் மேல்தான் வந்து உட்காருகிறது. தைவான் என்றால் அந்த மேசையில் என்ன இருக்கும் என்று யாரும் சொல்லிவிடலாம்: சிவப்பு விளக்குகள், சின்னக் குவளையில் பால் சேர்க்காத தேநீர், தூரிகையால் நம் பெயரைச் சீன எழுத்தில் எழுதித் தருகிற ஒருவர், கையில் மாட்டி ஆட்டுகிற ஒரு பொம்மை. வருகிறவர்கள் கை தட்டுவார்கள், படம் எடுத்துக்கொள்வார்கள். 'பண்பாட்டுப் பகிர்வு' முடிந்தது. இந்த நிகழ்வையே ஒரு பிரதியாக வாசித்தால் என்ன? மேசையில் எது வைக்கப்படுகிறது என்பதைவிட எது வைக்கப்படுவதில்லை, ஏன் என்பதே நமக்கு முக்கியம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தைவானுக்கு இந்த மேசை பொழுதுபோக்கு அல்ல. 1950-இல் மக்கள் சீனத்தோடு தூதரக உறவு வைத்துக்கொண்ட இந்தியா, தைவானைத் தனி நாடாக அங்கீகரிக்கவில்லை. 2012-இல் சென்னையில் திறக்கப்பட்டது தூதரகம் அல்ல. 'தைபே பொருளாதார, பண்பாட்டு மையம்'. நாடு என்று சொல்ல முடியாத இடத்தில் ஒரு நகரத்தின் பெயரும், அரசியல் என்று சொல்ல முடியாத இடத்தில் பண்பாடு என்ற சொல்லும் வந்து நிற்கின்றன. விளக்கும் தேநீரும் 'நாங்களும் இருக்கோம்' என்று சொல்லும் வேலையைச் செய்கின்றன. பண்பாடே அங்கே பாஸ்போர்ட். ஆனால் பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்கிறவர் என்ன சொல்வார்? நேராப் பாருங்க, சிரிக்காதீங்க, முகத்துல நிழல் விழக் கூடாது. பண்பாட்டு மேசையின் இலக்கணமும் இதுதான். நிழல் விழக் கூடாது.

அந்தக் கைப்பொம்மையை எடுத்துக்கொள்வோம். 1970-இல் ஹுவாங் ஜுன்ஷியுங் என்ற கலைஞர் பொம்மைக் கூத்தைத் தைவான் தொலைக்காட்சிக்குக் கொண்டுபோனார். ஊரே அதன் முன் உட்கார்ந்தது. பொம்மைகள் பேசியது ஹொக்கியன். பெரும்பான்மைத் தைவானியரின் வீட்டுமொழி. அரசின் மொழியோ மாண்டரின். உழவர்களும் தொழிலாளர்களும் வேலையை விட்டுவிட்டுப் பார்க்கிறார்கள் என்று காரணம் காட்டி 1974-இல் அரசு அதை நிறுத்தியது. அந்தக் காலத்துப் பள்ளிக்கூடங்களில் வீட்டுமொழி பேசிய பிள்ளையிடம் அபராதம் வாங்கினார்கள், கழுத்தில் அட்டை மாட்டினார்கள். 1949 முதல் 1987 வரை 38 ஆண்டுகள் அங்கே ராணுவச் சட்டம். மேசையில் பட்டுச் சட்டை போட்டு நிற்கிற பொம்மை இதில் ஒரு வார்த்தை பேசாது. பேசும் பொருளை ஊமையாக்கி அழகுப் பொருளாக மாற்றுவதுதான் காட்சிப்படுத்தலின் அரசியல்.

1947 பிப்ரவரி 28 எழுச்சியையும் அதைத் தொடர்ந்த படுகொலைகளையும் பின்னணியாகக் கொண்ட ஹௌ ஷியோஷியனின் 'எ சிட்டி ஆஃப் சேட்னஸ்' (1989) படத்தின் நாயகன் காது கேளாத, வாய் பேசாத ஒரு புகைப்படக்காரன். ரயிலில் ஆயுதங்களோடு வருகிற தைவானியர்கள் அவனிடம் தங்கள் மொழியில் கேள்வி கேட்டுச் சோதிக்கிறார்கள். பதில் வராவிட்டால் அவன் சீனப் பெருநிலத்துக்காரன், அடிக்கலாம். ஒடுக்கப்பட்ட மொழியும் ஒரு நொடியில் தடியாக மாறக்கூடும் என்பதைப் படம் ஒளிக்கவில்லை. கலைக்கும் கண்காட்சிக்கும் உள்ள தூரம் இதுதான்.

மதுரைக்காரனுக்குத் தேநீரைவிட இந்தக் கதைதான் சட்டென்று விளங்கும். 1965 ஜனவரி 25 அன்று மொழிப்போரின் தீ பற்றிய ஊர் இது. இரண்டும் ஒன்றல்ல. நம்மிடம் தேர்தல் இருந்தது. 1967-இல் ஆட்சியையே மாற்றினோம். தைவானியர்கள் தங்கள் அதிபரை நேரடியாகத் தேர்ந்தெடுக்க 1996 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனாலும் பேச்சு தொடங்க வேண்டிய இடம் இதுதான். காயத்தைக் காட்டிப் பேசாமல் கைவினைப் பொருளைக் காட்டிப் பேசுவதைப் பகிர்வு என்று எப்படிச் சொல்வது?

நம் பக்கம் மட்டும் யோக்கியமா என்றால், அதுவும் இல்லை. தைவான் கவிஞர் யூசி திருக்குறளை மாண்டரினில் மொழிபெயர்த்தார். பாரதியையும் பாரதிதாசனையும் கொண்டுபோனார். பெரிய வேலை. நாம் அதில் கண்டது நம் பெருமையை மட்டும்தான். பதிலுக்குத் தைவான் கவிதையில் எத்தனை பக்கம் நம் கைக்கு வந்தது என்று யார் கேட்டோம்? தனி அரசு இல்லாத இனமான நமக்கும் பண்பாடுதான் பாஸ்போர்ட். அயலூர்ப் பொங்கல் விழா மேடையில் பறை அதிரும். ஊரில் அந்தப் பறையோடு ஒட்டிய இழிவும் சாவு வீட்டுக் கட்டாயமும் மேடைக்கு வராது. தைவானின் சுற்றுலாப் படங்களில் பழங்குடி நடனம் இருக்கும். அந்தப் பழங்குடிகளிடம் அரசு மன்னிப்புக் கேட்க 2016 ஆகஸ்டு 1 வரை ஆனது. விளிம்பில் நிறுத்தப்பட்டவர்களையே முகப்பில் ஆடவிடுவது இரண்டு பக்கமும் நடக்கிற காரியம்.

இன்னொரு கேள்வி: 'உள்ளூர் மக்கள்' என்பது யார்? நாளைக்கு விளாங்குடியில், திண்டுக்கல் சாலையோரம் ஒரு மண்டபத்தில், இந்த மேசை போடப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். பார்க்க வருகிறவர்கள் தைவானையே அறியாதவர்கள் என்பது ஏற்பாட்டாளரின் அனுமானம். அது தப்பு. தைவான் முதலாளிகளின் ஆலைகளுக்குத் தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து போன பெண்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்கள் அறிந்த தைவான் ஷிப்டு, விடுதி, வேன். 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்து ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்களில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் விடுதிச் சாப்பாட்டால் நோயுற்று மருத்துவமனைக்குப் போனார்கள். மற்றவர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். விடுதி ஒப்பந்தக்காரர் பொறுப்பு, ஆலை தைவான் கம்பெனி, போன் அமெரிக்கக் கம்பெனி. இந்தச் சங்கிலியில் எது பொருளாதாரம், எது பண்பாடு? அந்தப் பெண்ணின் அனுபவம் பண்பாட்டுக் கணக்கில் வராது. அவள் மகள் குடிக்கிற அரைக் குவளைத் தேநீர் வரும்.

மேசையே வேண்டாம் என்பதல்ல என் வாதம். பொம்மையை ஹொக்கியனில் பேச விடுங்கள், புரியாவிட்டாலும் பரவாயில்லை. பிறகு அது ஏன் நிறுத்தப்பட்டது என்று சொல்லுங்கள். எதிரில் நம் தோல்பாவைக் கூத்துக்காரரை உட்கார வையுங்கள். அப்போது நமக்கும் ஒரு சங்கடம் வரும். தென்மாவட்டங்களில் தோல்பாவை ஆட்டும் குடும்பங்கள் வீட்டில் பேசுவது மராத்தி. பாவைகள் தமிழ் பேசும். ஆட்டுகிறவர் வீட்டுமொழி திரைக்குப் பின்னாலேயே நிற்கும். மதுரைத் தெருக்களில் தலைமுறைகளாகப் பேசப்படும் சௌராஷ்டிரத்துக்கு நம் பள்ளிக்கூடத்தில் என்ன இடம்? தைவானில் 2019-இல் நடைமுறைக்கு வந்த தேசிய மொழிகள் வளர்ச்சிச் சட்டம் ஹொக்கியன், ஹக்கா, பழங்குடி மொழிகள் எல்லாவற்றையும் தேசிய மொழிகளாக ஏற்கிறது. நாம் யாருக்கு மாண்டரினாக இருக்கிறோம் என்று கேட்க வைக்குமானால், அந்த மேசைக்கு விளாங்குடியில் இடம் ஒதுக்கலாம்.