சிறு மின் உற்பத்திக் கருவிகளும் காற்றுத் தர விதியும்: கலிபோர்னியா முறை – ஒரு மதிப்பீடு

மருத்துவமனை, விடுதி, தொழிற்கூடம் போன்ற இடங்கள் தம் தேவைக்கான மின்சாரத்தை அங்கேயே உற்பத்தி செய்து கொள்ளும் சிறு கருவிகளுக்கு அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் தனியான காற்றுத் தர விதி வைத்திருக்கிறது. மாநிலத்தில் 35 காற்று மாவட்டங்கள் உள்ளன. புகைவிடும் இயந்திரங்களுக்கு அனுமதி வழங்குவது அவற்றின் பொறுப்பு. ஆனால் குறிப்பிட்ட அளவுக்குக் கீழ்ப்பட்ட இயந்திரங்களுக்கு அவை விலக்கு அளித்துவந்தன. ஒரு கருவியின் புகை சிறிதுதான். எனினும் அது உயர்ந்த புகைபோக்கி வழியே கலைந்து போவதில்லை. மனிதர் மூச்சுவிடும் உயரத்தில், சன்னல்களுக்கு அருகிலேயே வெளியேறுகிறது. இந்த இடைவெளியை அடைக்க 2000-ல் செனட் மசோதா 1298 சட்டமானது. அதன்படி மாநிலக் காற்று வள வாரியம் 2001-ல் சான்றிதழ் விதியை ஏற்றது. மாவட்ட அனுமதி தேவைப்படாத கருவிகளைத் தயாரிப்பாளர் சோதித்து, மாதிரிவாரியாக வாரியத்தின் சான்று பெற வேண்டும். வாங்குபவர் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டியதில்லை.

இவ்விதியின் முதல் சிறப்பு அதன் அளவுகோல். வழக்கமான விதிகள் புகையில் மாசு எந்தச் செறிவில் கலந்திருக்கிறது என்று பார்க்கும். அந்தக் கணக்கில் திறன் குறைந்த இயந்திரமும் திறன் மிக்க இயந்திரமும் ஒன்றாகிவிடும். எரிபொருளில் 25 விழுக்காட்டை மின்சாரமாக்கும் இயந்திரமும் 40 விழுக்காட்டை மின்சாரமாக்கும் இயந்திரமும் ஒரே செறிவில் புகைவிட்டால், ஒரே அளவு மின்சாரத்துக்கு முன்னது 1.6 மடங்கு மாசைக் கக்கும். கலிபோர்னியா விதியோ ஒரு மெகாவாட்-மணி மின்சாரத்துக்கு எத்தனை பவுண்டு மாசு என்று கணக்கிடுகிறது. எரிபொருளை வீணாக்கும் இயந்திரம் இந்தக் கணக்கில் ஒளிந்துகொள்ள முடியாது.

இரண்டாவது சிறப்பு, ஒப்பீட்டின் நேர்மை. சிறு கருவி ஓடும்போது பெரிய மின்நிலையம் அந்த அளவுக்குக் குறைவாக ஓடும். ஆகவே சிறு கருவி அதைவிட அழுக்காக இருக்கக் கூடாது என்பது விதியின் அடிப்படை. 2003 முதல் நைட்ரஜன் ஆக்சைடுகளுக்கான வரம்பு மெகாவாட்-மணிக்கு 0.5 பவுண்டு. 2007 முதல் அது 0.07 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 32 கிராம். நவீன கூட்டுச் சுழற்சி எரிவாயு மின்நிலையத்தின் அளவுக்கு இணையானது இது. முன்கூட்டியே அறிவிக்கப்பட்ட இரு படிகள் தயாரிப்பாளருக்கு அவகாசமும் தந்தன, இலக்கும் தந்தன. எரிபொருள் மின்கலங்களும், வெப்பத்தை மீட்டெடுக்கும் சில நுண்டர்பைன்களும் அந்த இலக்கை எட்டின.

வெப்பத்துக்கான சலுகையில் நிறையும் குறையும் கலந்தே உள்ளன. கருவியின் கழிவு வெப்பத்தை மீட்டு நீரைச் சூடாக்கினால், மீட்ட 34 லட்சம் பி.டி.யு. வெப்பம் ஒரு மெகாவாட்-மணியாகக் கணக்கில் சேரும். மொத்தத் திறன் குறைந்தது 60 விழுக்காடாக இருக்க வேண்டும். வேறு ஒரு கொதிகலனின் புகை தவிர்க்கப்படுவதால் இது நியாயமானதே. ஆனால் சான்று தரப்படுவது கருவி வெப்பத்தை மீட்க வல்லது என்பதற்கு. கோடையில் அந்த வெப்பம் கட்டடத்துக்குத் தேவைப்படாமல் வெளியே விடப்பட்டாலும் சான்று மாறாது.

இதே குறை விதி முழுவதிலும் இழையோடுகிறது. சோதனை நடப்பது புதிய மாதிரியில். 15,000 மணி நேரம் வரம்புக்குள் இயங்கும் என்று தயாரிப்பாளர் காட்ட வேண்டும் என்றாலும், அது முறையான பராமரிப்பைப் பொறுத்தது. மாவட்ட அனுமதி பெற்ற இயந்திரத்துக்கு ஆய்வாளர் வருவார். சான்று பெற்ற கருவியில் புகையைச் சுத்திகரிக்கும் வினையூக்கி தேய்ந்தால் தட்டிக்கேட்க அப்படியொருவர் இல்லை.

கழிவு வாயு விஷயத்தில் ஒப்பீடே தடம் மாறுகிறது. பால் பண்ணைச் சாணத்திலிருந்தும் குப்பைக் கிடங்கிலிருந்தும் கிடைக்கும் வாயுவைப் பயன்படுத்தாவிட்டால் வெறுமனே எரிக்க வேண்டியிருக்கும். அதிலும் புகை உண்டு. நியாயமான ஒப்பீடு அந்தச் சுடருடன்தான். விதி இவற்றுக்குக் கூடுதல் அவகாசம் தந்ததே அன்றி, இறுதியில் இயற்கை எரிவாயுவுக்குரிய வரம்பையே விதித்தது.

எல்லாவற்றிலும் பெரிய இடைவெளி அவசரகால டீசல் ஜெனரேட்டர். மின்தடையின்போது மட்டும் ஓடும் கருவிகள் சான்றிதழ் விதிக்கு வெளியே உள்ளன. கட்டுப்பாட்டுக் கருவி இல்லாத பழைய டீசல் எஞ்சின் மெகாவாட்-மணிக்கு 20 பவுண்டுக்கும் மேல் நைட்ரஜன் ஆக்சைடுகளைக் கக்கக்கூடும். அது 2007 வரம்பைப்போல் ஏறத்தாழ 300 மடங்கு. டீசல் துகளை 1998-லேயே வாரியம் நச்சுக் காற்று மாசாக அறிவித்திருந்தது. 2004-ல் வந்த தனி விதி சோதனை ஓட்ட நேரத்துக்கு வரம்பு வைத்தது. உண்மையான மின்தடையின்போது ஓடும் நேரத்துக்கு வரம்பில்லை. காட்டுத்தீயைத் தவிர்க்க 2019-ல் பெரும் பகுதிகளில் மின்சாரம் நிறுத்தப்பட்டது. 2020 ஆகஸ்ட் வெப்ப அலையில் மாற்று மின்கருவிகளை ஓட்ட ஆளுநரின் அவசரப் பிரகடனமே இடமளித்தது. அரிதென்று விலக்கப்பட்டது அரிதாக இல்லாமல் போனது.

டெக்சாஸ் 2001-ல் வேறு வழியில் சென்றது. அங்கும் அளவுகோல் மெகாவாட்-மணிதான். ஆனால் வரம்பு இடத்தையும், ஆண்டுக்கு 300 மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறதா என்பதையும் பொறுத்து மாறும். மக்கள் நெருக்கமும் ஓசோன் மாசும் மிகுந்த கிழக்குப் பகுதியில் கடுமை, மேற்கில் தளர்ச்சி. மேற்குப் பகுதிக்கான தளர்ச்சி மிகையானது என்றாலும், ஓடும் நேரத்தைக் கணக்கில் கொள்வது கலிபோர்னியா விதியில் இல்லாத நல்ல கூறு.

எதை அளப்பது என்பதில் கலிபோர்னியா விதி சரியாகத் தேர்ந்தது. எங்கே, எப்போது அளப்பது என்பதில் தயாரிப்புக் கூடத்தோடு நின்றுவிட்டது. அளவுகோலை அப்படியே வைத்துக்கொண்டு, நிறுவிய இடத்தில் அவ்வப்போது சோதனை, உண்மையில் பயன்பட்ட வெப்பத்துக்கு மட்டும் சலுகை, ஓடும் மணிக்கேற்ற டீசல் வரம்பு ஆகிய மூன்றையும் சேர்த்தால், கருவிக்கு அருகில் வாழ்பவரையும் அந்த விதி காக்கும்.