'எந்திரன்' முதல் '2.0' வரை: திணையும் அறமும்

தமிழ் அறிவியல் புனைவுத் திரைப்படங்களுள் தொடர்வரிசையாக அமைந்தவை மிகச் சில. ஷங்கர் இயக்கிய 'எந்திரன்' (2010), '2.0' (2018) ஆகியவை அவற்றுள் பரவலாக அறியப்பட்டவை. முன்னதன் உரையாடலில் சுஜாதா, மதன் கார்க்கி ஆகியோருக்கும் பின்னதன் உரையாடலில் ஜெயமோகனுக்கும் பங்குண்டு. முதற்படத்தின் அறச்சிந்தனை இரண்டாவதில் வளர்ந்துள்ளதா, தேய்ந்துள்ளதா என்பது மொழியியலார்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் உரிய வினாவாகும். ஏனெனில், தமிழில் இவ்வினா விகுதியிலேயே தொடங்கிவிடுகிறது.

தொல்காப்பியர் மக்களை உயர்திணை எனவும் பிறவற்றை அஃறிணை எனவும் வகுத்தார். இதன்படி இயந்திரம் அஃறிணை. ஆனால், 'எந்திரன்' என்னும் பெயர் -அன் விகுதி பெற்று ஆண்பாலாக நிற்கிறது. இந்தியில் 'ரோபோட்' எனவும் தெலுங்கில் 'ரோபோ' எனவும் பெயரிடப்பட்டபோது இக்கூறு மறைந்தது. திருவனந்தபுரத்தில் தமிழையும் மலையாளத்தையும் அருகருகே வைத்துப் பயில்வோர்க்கு இதன் முக்கியத்துவம் எளிதில் புலப்படும். 'சிட்டி வந்தான்' என்பதா, 'சிட்டி வந்தது' என்பதா எனத் தமிழ் உடனே முடிவுசெய்தாக வேண்டும். மலையாள வினைமுற்று திணை, பால் காட்டும் விகுதியை இழந்துவிட்டதால், 'சிட்டி வந்நு' எனக் கூறி முடிவைத் தள்ளிவைக்கலாம். அத்தகைய தொடரைத் தமிழாக்குவோர் மூலத்தில் இல்லாத தீர்ப்பொன்றை வழங்க நேர்கிறது.

உவப்பு, உயர்வு, சிறப்பு, செறல், இழிப்பு ஆகிய காரணங்களால் திணை மயங்குதலை நன்னூலார் ஏற்பர். உவப்பினால் பசுவைத் தாயென்பது போல்வன அவை. அங்கு மாற்றத்திற்குக் காரணம் பேசுவோனின் உணர்வு. 'எந்திரன்' ஒருபடி மேற்சென்று, பேசப்படும் பொருளின் தகுதியால் திணை மாறுமா எனக் கேட்கிறது. தீ விபத்தில் ஆடையின்றி இருந்த பெண்ணைச் சிட்டி பலர் முன்னிலையில் மீட்கிறது. நாணம் தாங்காது ஓடிய அவள் வாகனத்தில் அடிபட்டு இறக்கிறாள். உயிர்காத்தலை அறிந்த எந்திரம் மானத்தை அறிந்திருக்கவில்லை. உணர்வு ஊட்டப்பட்டபின் காதலும் பொறாமையும் அழிவும் தொடர்கின்றன. இறுதியில் நீதிமன்ற ஆணைப்படி தன் உறுப்புகளைத் தானே கழற்றும்போதுதான் சிட்டி முழுமையாக 'அவன்' ஆகிறான். பொறுப்பேற்றலே இங்கு உயர்திணையின் இலக்கணம்.

'2.0' இதனினும் ஆழமான வினாவை எழுப்பியிருக்கலாம். அலைபேசிக் கதிர்வீச்சு பறவைகளை அழிப்பதாக நம்பி, எவரும் செவிசாய்க்காமையால் கோபுரத்தில் தூக்கிட்டு இறக்கிறார் பட்சிராஜன். அந்நம்பிக்கை அறிவியலால் நிறுவப்பட்டதன்று. எனினும், அஃறிணை உயிர்களுக்காக வாதாடும் அறம் அவரிடம் உண்டு. படமோ அவரை வெல்ல, புறாக்களின் மேல் வரும் சிற்றெந்திரங்களைக் கொண்டு அப்பறவைகளின் உயிரையே பணயமாக்குகிறது. இச்செயல் விசாரணைக்கு உள்ளாகாமல் வேடிக்கையாகக் கடந்துபோகிறது. பட்சிராஜனின் நியாயத்தை வசீகரன் முடிவில் ஒப்புக்கொள்வது சொல்லளவில் நிற்கிறது. அதற்காக எவரும் எதையும் இழப்பதில்லை.

விகுதி மட்டும் அறத்தைத் தந்துவிடாது என்பதும் கருதத்தக்கது. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா', 'மீண்டும் ஜீனோ' ஆகிய நாவல்களில் வரும் நாய்வடிவ எந்திரமாகிய ஜீனோ அஃறிணை முற்றையே பெறுகிறது. ஆயினும், தன்னுணர்வும் நட்பும் உடைய பாத்திரமாக அது வளர்கிறது. எனவே, இத்தகைய படைப்புகளை மொழிபெயர்ப்போர் -ஆன், -அது என்பவற்றுள் ஒன்றை முதலிலேயே தேர்ந்து இறுதிவரை இடுவது பொருந்தாது. பாத்திரம் எவ்விடத்தில் பொறுப்பை ஏற்கிறது என்பதை நோக்கியே விகுதி அமைய வேண்டும். 'எந்திரன்' அவ்விடத்தைக் காட்டுகிறது, '2.0' காட்டவில்லை. அதன் பெயரும் திணை உணர்த்தாத வெறும் எண்ணாகவே நிற்கிறது.