32 என்றால் 32தானா? பைக்குக்கான மின்பம்பு: ஒரு மதிப்பீடு

டயருக்குக் காற்றடிக்கும் கருவியை எதைக்கொண்டு மதிப்பிடுவது? சந்தை மூன்று எண்களைத் தருகிறது: உச்ச அழுத்தம் 150 பிஎஸ்ஐ, பேட்டரி இத்தனை மில்லி ஆம்பியர் ஹவர், ஒரு டயர் நிரம்ப இத்தனை நிமிடம். பெட்டியின் மேல் பெரிதாக அச்சாவது இவைதான். வாங்குபவர்களின் ஒப்பீடும் இவற்றைச் சுற்றியே நடக்கிறது. பைக் ஓட்டுபவரின் தேவையை வைத்துப் பார்த்தால் முதல் எண் பொருத்தமற்றது, இரண்டாவது தெளிவற்றது, மூன்றாவது பாதி உண்மை. அவர் முதலில் அறிய வேண்டியது பெட்டியில் பெரும்பாலும் இருப்பதில்லை: திரையில் 32 என்று வந்து நிற்கும்போது டயருக்குள் இருப்பது 32தானா?

இக்கட்டுரை இரண்டு வகைகளை எடுத்துக்கொள்கிறது. முதலாவது, உள்ளே லித்தியம் பேட்டரி கொண்ட கையடக்க வகை. ஷியோமி 2021இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த பம்பு இதற்கு நன்கறிந்த உதாரணம். வேண்டிய அழுத்தத்தைக் குறித்து வைப்பது, அதை எட்டியதும் பம்பு தானே நின்றுவிடுவது என்ற அதே அமைப்பில்தான் இன்று விற்கும் பலவும் இருக்கின்றன. இரண்டாவது, வண்டியின் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து வயர் இழுத்து ஓட்டும் வகை. என் அளவுகோல்கள் ஐந்து: அளவையின் நம்பகம், காற்றோட்டத்தின் போதுமை, மின்சாரத்தின் நேர்மையான கணக்கு, வண்டியோடு பொருந்துதல், எல்லையைத் தெரிந்து வைத்திருத்தல். இவற்றுள் முதலாவதற்கே அதிக எடை தருகிறேன்.

ஒரு காலையில் வீட்டு வாசலில் பார்த்ததைச் சொல்கிறேன். வண்டி இரவெல்லாம் நின்றிருந்தது, டயர் ஆறியிருந்தது. குழாயை வால்வில் திருகி, 32 குறித்து, பொத்தானை அழுத்தினேன். எண் 27, 28 என்று சீராக ஏறி 32இல் நின்றது. குழாயைக் கழற்றும்போது ஒரு நொடி காற்றுச் சீறியது. உடனே பென்சில் கேஜை வைத்துப் பார்த்தால் 29. கேஜின் பிழையாக இருக்கலாம் என்று வட்ட முள் கேஜ் ஒன்றையும் வைத்துப் பார்த்தேன், அதுவும் 29. பதிமூன்று லிட்டர் அளவுள்ள டயரில் அந்த ஒரு நொடிச் சீறலுக்கு ஒரு பிஎஸ்ஐ குறையலாம். மற்ற இரண்டும் டயருக்குள் போகவே இல்லை.

இதற்குக் காரணம் உண்டு. பம்பின் உணரி இருப்பது பம்புக்குள். அளக்க வேண்டிய காற்று இருப்பது டயருக்குள். நடுவில் மெல்லிய குழாயும் வால்வின் குறுகிய வாயும் இருக்கின்றன. காற்று ஓடிக்கொண்டிருக்கும்போது இந்த இடுக்குகளைத் தாண்டவே கொஞ்சம் அழுத்தம் செலவாகிறது. ஆகவே பம்பின் பக்கம் எண் எப்போதும் சற்று அதிகமாகவே தெரியும். நல்ல வடிவமைப்பு இந்த வேறுபாட்டைக் கணக்கில் கழிக்கும். அல்லது நின்றதும் சில நொடி பொறுத்து மறுபடி அளந்து, குறைந்திருந்தால் மீண்டும் ஓடும். மோசமான வடிவமைப்பு குறித்த எண்ணைத் தொட்டவுடன் வேலை முடிந்ததென்று நின்றுவிடும். தானே நிற்கும் வசதி இவ்வகையின் பெரிய சிறப்பு. அளவை தவறும்போது அந்தச் சிறப்பே பெரிய ஏமாற்றமாகிறது. 32க்குப் பதில் 29 என்பது ஏறத்தாழ ஒன்பது சதவீதக் குறைவு. டயரின் பக்கச்சுவர் கூடுதலாக வளைந்து சூடேறவும், பள்ளத்தில் ரிம் அடிபடவும், வளைவில் வண்டி தயங்கவும் அது வழிவிடுகிறது.

அடுத்தது காற்றோட்டம். 150 பிஎஸ்ஐ என்ற பெருமையை இங்கே சோதிக்கலாம். கிளாசிக் 350 வண்டியின் பின் டயர் 120/80-18. அதன் உட்கொள்ளளவு ஏறத்தாழ 13 லிட்டர். 32 பிஎஸ்ஐ என்பது 2.2 பார். முழுதாக இறங்கிய அந்த டயரை நிரப்ப ஏறத்தாழ 28 லிட்டர் வெளிக்காற்றை உள்ளே தள்ள வேண்டும். 25 மில்லிமீட்டர் அகலமுள்ள ரேஸ் சைக்கிள் டயரின் கொள்ளளவு ஒரு லிட்டர்தான். அதில் 100 பிஎஸ்ஐ ஏற்றினாலும் ஏழு லிட்டர் போதும். அதாவது பைக்குக்கு வேண்டிய அழுத்தம் சைக்கிளுடையதில் மூன்றில் ஒரு பங்கு. வேண்டிய காற்றோ நான்கு மடங்கு. ஒரே மோட்டாரை வைத்துக்கொண்டு உச்ச அழுத்தத்தைக் கூட்ட வேண்டுமானால் பிஸ்டனின் விட்டத்தைக் குறைக்க வேண்டும்; விட்டம் குறைந்தால் ஒவ்வொரு அடிக்கும் போகும் காற்றும் குறையும். சைக்கிள்காரருக்கான எண்ணை எட்டுவதற்காக, பைக்காரருக்கான காற்றைச் சுருக்கிய வடிவமைப்பு இது.

குறையை மட்டும் சொல்வது நியாயமாகாது. 26க்கு இறங்கிய டயரை 32க்கு உயர்த்த ஐந்தரை லிட்டர் காற்றே போதும். நிமிடத்துக்குப் பத்து லிட்டர் தள்ளும் சிறிய பம்பும் இதை ஒரு நிமிடத்துக்குள் முடித்துவிடும். வாரந்தோறும் செய்யும் வேலைக்குக் கையடக்க வகை தாராளமாகப் போதும். முழுதாக இறங்கிய டயருக்கு அதே பம்பு ஏறத்தாழ மூன்று நிமிடம் இரைச்சலோடு ஓட வேண்டியிருக்கும். சிலிண்டரும் பித்தளை முனையும் விரல் வைக்க முடியாதபடி சுடும். தொடர்ந்து எத்தனை நிமிடம் ஓட்டலாம், எத்தனை நிமிடம் ஆறவிட வேண்டும் என்பதைக் கையேட்டில் தேடிப் படிப்பது அவசியம்.

மின்சாரக் கணக்கில் நேர்மை குறைவு. 7.4 வோல்ட்டில் 2000 மில்லி ஆம்பியர் ஹவர் என்றால் 14.8 வாட் ஹவர். மூன்று செல்களை வரிசையாக இணைத்தால் வோல்ட் 11.1 ஆகும், ஆற்றல் 22.2 வாட் ஹவர் ஆகும். மில்லி ஆம்பியர் ஹவரோ 2000 ஆகவே இருக்கும். சில பெட்டிகளில் மூன்றையும் கூட்டி 6000 என்று அச்சிடுகிறார்கள். வோல்ட்டைச் சொல்லாமல் மில்லி ஆம்பியர் ஹவரை மட்டும் சொல்வது, ஆழத்தை மறைத்துவிட்டு அகலத்தை மட்டும் காட்டிக் கிணறு விற்பதைப் போன்றது. வாட் ஹவர் எவ்வளவு, செல்லுக்கு ஐஎஸ் 16046 பதிவு இருக்கிறதா என்ற இரண்டைக் கேட்டு வாங்குங்கள்.

வயர் வகை இந்தச் சிக்கலைத் தவிர்க்கிறது, வேறொன்றைக் கொண்டுவருகிறது. வண்டியின் பேட்டரி உயிரோடு இருக்கும்வரை அதற்குச் சார்ஜ் பற்றிய கவலை இல்லை. பல நாள் பயணத்தில் இது பெரிய நிம்மதி. ஆனால் காருக்கென்று செய்த பம்பு பத்து ஆம்பியர்வரை இழுக்கக்கூடியது. 100 சிசி வண்டிகளின் பேட்டரியே மூன்று, நான்கு ஆம்பியர் ஹவர்தான். அதில் இதை மாட்டுவது வண்டி கிளம்புவதையே பணயம் வைப்பது. 350 சிசி வண்டியில், பேட்டரி முனையிலிருந்து தனி ஃபியூஸோடு இழுத்த வயரில், என்ஜின் ஓடும்போது பயன்படுத்தினால் இந்த வகைக்கு நிகரில்லை. ஹேண்டில்பாரில் மாட்டும் மொபைல் சார்ஜர் சாக்கெட் இதற்கு ஆகாது.

பொருத்தத்தில் இரு வகைகளுமே ஸ்கூட்டரைச் சரியாக நினைத்துப் பார்க்கவில்லை. ஆக்டிவா போன்ற வண்டிகளின் 10 அங்குலப் பின்சக்கரத்தில் வால்வுக்கும் டிரம்முக்கும் இடையே விரல் நுழைவதே கடினம். விறைப்பான திருகுமுனையை அங்கே சுற்ற இடமில்லை. வளைந்த வால்வு இணைப்பு ஒன்றைத் தனியாக வாங்கினால் தீர்ந்துவிடும். அதைப் பெட்டியிலேயே வைத்திருக்க வேண்டும். பந்துக்கான ஊசியையும் நீச்சல் மிதவைக்கான முனையையும் தரும் தயாரிப்பாளர்கள், இந்தியச் சாலைகளில் எங்கும் ஓடும் ஸ்கூட்டருக்கு வேண்டியதைத் தராதது கவனக்குறைவு. சீட்டுக்கு அடியில் பம்பை வைத்துச் சித்திரை வெயிலில் வண்டியை நிறுத்துவதும் லித்தியம் செல்லுக்குக் கேடு. அப்படிச் சூடான பம்பை உடனே சார்ஜில் போடக் கூடாது. இவ்வகைச் செல்களுக்கு 45 டிகிரிக்குள் சார்ஜ் செய்வதே வழக்கமான வரம்பு.

எல்லைகளைப் பற்றியும் தெளிவு வேண்டும். அலாய் சக்கரத்தில் ட்யூப்லெஸ் டயர் போட்டவருக்கு மின்பம்பு உண்மையான துணை: ஆணி குத்தி மெல்லக் காற்று இறங்கினால், ஆணியைப் பிடுங்காமலே நிரப்பிப் பஞ்சர் கடைவரை போய்விடலாம். ஸ்போக் சக்கரத்தில் ட்யூப் டயர் போட்டவருக்கு அது பாதித் துணை. டயரைக் கழற்றும் நெம்பிகளும் மாற்று ட்யூபும் கழற்றத் தெரிந்த கையும் இல்லையென்றால், கிழிந்த ட்யூபுக்குள் எத்தனை லிட்டர் தள்ளினாலும் நிற்காது. ரிம்மிலிருந்து விளிம்பு விலகிய ட்யூப்லெஸ் டயரை மீண்டும் உட்காரவைக்க ஒரே வீச்சில் பெருங்காற்று வேண்டும். அது பஞ்சர் கடைக் கம்ப்ரசரின் வேலை.

மாற்றுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். கால் பம்புக்குச் சார்ஜ் வேண்டாம், பத்தாண்டு உழைக்கும். ஆனால் எடை அதிகம், அதிலுள்ள முள் நம்பத்தக்கதாக இருப்பது அரிது, முழங்கால் வலி உள்ளவருக்கு அது உதவாது. 16 கிராம் கார்பன் டைஆக்சைடு குப்பி சட்டைப்பையில் அடங்கும். ஆனால் ஒன்று தருவது எட்டு, ஒன்பது லிட்டர் வாயுதான், மேலே சொன்ன பின் டயருக்கு மூன்றுக்கு மேல் வேண்டும். பெட்ரோல் பங்கில் காற்று இலவசம் என்பது விதி. ஆனால் அங்கே போய்ச் சேர்வதற்குள் டயர் சூடேறியிருக்கும், எண் கூடியிருக்கும்.

இந்தக் கடைசி வேறுபாட்டில்தான் மின்பம்பின் தனிச் சாதனை இருக்கிறது. வண்டியோடு வரும் அழுத்த அட்டவணை ஆறிய டயருக்கானது. வாசலைத் தாண்டாமல், ஆறிய டயரை, சரியான எண்ணுக்கு நிரப்பும் வாய்ப்பைச் சாதாரண ஓட்டுநர்கள் எல்லோருக்கும் தந்தது இந்தக் கருவி. நடுவழி மீட்பு இதன் இரண்டாம் பயன்; வாரமொரு முறை அளப்பதே முதற்பயன். அதனால்தான் அளவைக்கு அதிக எடை தந்தேன்.

ஊட்டி மலைப்பாதை இதற்கு நல்ல உரைகல். மேட்டுப்பாளையத்தில் 33 டிகிரி வெப்பத்தில் 32 பிஎஸ்ஐ வைத்த டயர், 18 டிகிரி ஊட்டியில் நின்று ஆறினால் எவ்வளவு காட்டும்? குளிர் உள்ளழுத்தத்தை இரண்டு பிஎஸ்ஐக்குச் சற்று மேல் குறைக்கும். 2,200 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தமும் ஏறத்தாழ மூன்று பிஎஸ்ஐ குறைந்திருக்கும். கேஜ் காட்டுவது இரண்டுக்குமான வித்தியாசத்தை; ஆக அது மறுபடி 32ஐ ஒட்டியே நிற்கும். குளிரில் காற்று குறையும் என்ற கேள்வியறிவை நம்பி மூன்று பிஎஸ்ஐ கூட்டுபவர், 35ஓடு ஈரமான கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குவார். நல்ல அளவை அவர் கையைத் தடுக்கும். பிழையான அளவை அவர் தவற்றுக்குச் சான்று கொடுக்கும்.

என் தீர்ப்பு இது. நகரத்தில் ஓட்டுபவருக்கும் ட்யூப்லெஸ் டயரில் பயணம் போகிறவருக்கும் கையடக்க மின்பம்பு வாங்கத் தகுந்த கருவி. பல நாள் நெடும்பயணத்துக்கு, பேட்டரி தாங்கும் வண்டியில், வயர் வகையே மேல். ஸ்போக் சக்கரக்காரர் பம்புக்கு முன் நெம்பிகளையும் ட்யூபையும் வாங்கட்டும். தயாரிப்பாளர்கள் 150ஐ அழித்துவிட்டு மூன்று விவரங்களை அச்சிட வேண்டும்: 30 பிஎஸ்ஐயில் அளவைப் பிழை எவ்வளவு, அதே அழுத்தத்தில் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், பேட்டரி எத்தனை வாட் ஹவர். அவை அச்சாகும்வரை, எந்தப் பம்பு வாங்கினாலும் ஒரு நல்ல தனிக் கேஜையும் சேர்த்து வாங்குங்கள். முதல் வாரத்தில் ஐந்து முறை இரண்டையும் ஒப்பிட்டு, உங்கள் பம்பு எத்தனை பிஎஸ்ஐ கூட்டிச் சொல்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மூன்று கூட்டிச் சொல்லும் பம்பில் 35 குறித்தால்தான் டயரில் 32 நிற்கும்.