வாய் பேசா நடிப்பு: முதற் பரிசுக்கு நின்ற மூவர்

ஊமைப்படம் என்றவுடன் நம்மவரிற் பலர் நகைக்கின்றனர். கைகால்களை உதறிக்கொண்டு விரைந்தோடும் ஆடவர், விழிகளை உருட்டி மார்பில் அடித்துக்கொண்டு மயங்கி விழும் மாதர், இவைதாம் ஊமைப்படம் என்பது அவர்கள் எண்ணம். பேச்சில்லாக் குறையை மிகையான சேட்டைகளால் நிரப்பினார்கள் என்று அவர்கள் துணிந்து கூறுகின்றனர். அத்துணிபு தவறானது. பேசாப் படத்தில் சிறந்த நடிப்பு யாது என்பதை, உலகறிந்த பரிசொன்றுக்கு முதன்முதல் முன்மொழியப்பட்ட மூன்று நடிகைகளைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

முதலில் அந்த நகைப்பின் காரணத்தை அறிதல் வேண்டும். ஊமைப்படத்தின் தொடக்க காலத்தில் படப்பெட்டியைக் கையாற் சுழற்றியே படமெடுத்தனர். வினாடிக்குப் பதினாறோ பதினெட்டோ படங்கள் பதிவாகும். பேசும்படம் வந்தபின், ஒலி பிசகாதிருக்கும் பொருட்டு வினாடிக்கு 24 என்ற வேகம் நிலைபெற்றது. மெதுவாக எடுத்த பழைய படத்தை இப்புதிய வேகத்தில் ஓட்டினால், நடப்பவன் ஓடுவான். தலையசைப்பவள் தலையை உதறுவாள். நாம் கண்டு நகைத்தது பெரும்பாலும் இயந்திரத்தின் பிழையையே அன்றி, நடிகரின் பிழையை அன்று. உரிய வேகத்தில் ஓட்டிப் பார்ப்பவர்க்கு வேறொரு கலை தென்படும்.

அமெரிக்கத் திரைப்படக் கழகம் தன் முதற் பரிசுகளை 1929-ம் ஆண்டு மே 16-ந் தேதி ஹாலிவுட் நகரில், ரூஸ்வெல்ட் ஹோட்டலில் நடந்த விருந்தொன்றில் வழங்கிற்று. 1927 ஆகஸ்டு முதல் 1928 ஜூலை வரையிலான படங்களுக்கு உரியது அப்பரிசு. சிறந்த நடிகைக்கு மூவர் பெயர் முன்மொழியப்பட்டன: ஜேனட் கேய்னர், குளோரியா ஸ்வான்சன், லூயிஸ் டிரஸ்ஸர். மூவரும் பேசாப் படங்களில் நடித்தமைக்காகவே முன்மொழியப்பட்டனர். பரிசு பெற்றவர் கேய்னர். அப்போது அவருக்கு வயது 22. ஒரு வேடத்திற்காக அன்றி, மூன்று படங்களின் வேடங்களுக்காக ஒருங்கே அவர் பரிசு பெற்றார். பிற்காலத்தில் விதி மாறி, ஒரு வேடத்திற்கே பரிசு என்றாயிற்று.

அம்மூன்றினுள் 'சன்ரைஸ்' தலையாயது. ஜெர்மனியிலிருந்து வந்த முர்னௌ என்பார் 1927-ல் எடுத்த படம் அது. கதை சிறிது. கிராமத்துக் குடியானவன் ஒருவன் பட்டணத்துப் பெண்ணொருத்தியின் மயக்கிற் சிக்கி, தன் மனைவியைப் படகிலேற்றிச் சென்று நீரில் அமிழ்த்திவிட எண்ணுகிறான். நடு நீரில் எழுந்து நிற்கிறான். அவள் பின்வாங்கிச் சாய்ந்து கைகூப்புகிறாள். அவன் மனம் உடைந்து, கரை நோக்கித் துடுப்புப் போடுகிறான். அவள் இறங்கி ஓடுகிறாள், அவன் பின்தொடர்கிறான். இருவரும் ஒரே டிராம் வண்டியிற் பட்டணம் செல்கின்றனர். அன்று மாலைக்குள் அவர்கள் மீண்டும் ஒன்றுபடுகின்றனர்.

தன்னைக் கொல்லத் துணிந்தவனை ஒருத்தி ஒரே பகலில் மன்னிப்பதா? மனைவி பொறுப்பதே கற்பு என்று பன்னெடுங்காலமாக ஓதிவந்த சமூகத்தைச் சேர்ந்த நமக்கு, இவ்வினா எழாமலிருத்தல் இயலாது. எழுதிய கதையை மட்டும் படித்தால், இதுவும் பெண்ணை அடக்கி வைக்கும் பழைய பாடந்தான் என்று ஒதுக்கிவிடுவோம். கேய்னரின் நடிப்பு அவ்வாறு ஒதுக்க விடவில்லை. கதை மன்னிப்பை நோக்கி விரைகிறது; நடிகையின் உடலோ அதற்கு இசையாமல் தாமதிக்கிறது.

டிராம் வண்டியில் அவள் ஒரு மூலையில் ஒடுங்கி நிற்கிறாள். கணவன் அருகில் நிற்கிறான். அவனை அவள் ஏறிட்டும் பாராள். அழுது கூவவும் மாட்டாள். அவள் தோள்கள் மட்டும் உட்குவிந்திருக்கின்றன. வண்டி அசையுந்தோறும் அவன் கை தன்மேற் படாதிருக்க வேண்டுமே என்று அத்தோள்கள் அஞ்சுவதை நாம் காண்கிறோம். பின்னர்ச் சிற்றுண்டிச் சாலையில் அவன் அவள் முன் கேக்குத் தட்டை வைக்கிறான். அவள் உண்ண முயல்கிறாள். சிறிது வாயிலிட்டதும் முகம் குலைந்து அழுகை வெடிக்கிறது. படகில் சாவை எதிரே கண்டபோது வாராத அழுகை, ஒருவாய்ப் பண்டத்தைத் தின்னும்போது வருகிறது! பசித்த குழந்தைக்குத் தருவதுபோல் அவன் தந்த அப்பண்டமே, காலையில் அவன் செய்யத் துணிந்ததை அவளுக்கு நினைவூட்டிற்று. இதற்கு எழுத்துப் பலகையில் விளக்கம் ஒன்றுமில்லை, வேண்டியதுமில்லை.

அதன்பின் இருவரும் ஒரு தேவாலயத்தில் பிறர் திருமணத்தைக் காண்கின்றனர். அவன் தலைகுனிந்து அழுகிறான். அப்போதுதான் அவள் கை அவன் தலைமீது செல்கிறது. அச்சம், அருவருப்பு, துயரம், இரக்கம் என ஒவ்வொரு படியாக அவள் ஏறிவந்ததை நாம் கண்டோமாதலின், அம்மன்னிப்பு அடிமையின் மன்னிப்பாகத் தோன்றவில்லை. தன் உயிரின் விலையை அறிந்த ஒருத்தி எண்ணிப் பார்த்துக் கொடுத்ததாகவே தோன்றுகிறது.

மற்ற இரண்டும் பிராங்க் போர்சேகி இயக்கிய படங்கள். 'செவந்த் ஹெவன்' பாரிஸ் நகரத்து ஏழைகளின் கதை. உடன்பிறந்தவளின் சாட்டையடிக்கு ஆளாகும் டயான் என்ற பெண்ணைச் சாக்கடைத் தொழிலாளி சீக்கோ காப்பாற்றுகிறான். போலீசாருக்கு அஞ்சி அவளைத் தன் மனைவி என்று கூறி, ஏழாம் மாடியிலுள்ள தன் சிற்றறைக்கு அழைத்துச் செல்கிறான். அங்கு அவள் தனித்திருக்கும்போது, நாற்காலியில் கிடந்த அவன் மேற்சட்டையின் கையை எடுத்துத் தன்னைச் சுற்றி அணைத்துக்கொள்கிறாள். காதலன் எதிரில் இல்லை, வசனம் இல்லை, ஒரு வெறுஞ்சட்டைதான் இருக்கிறது. அன்பைக் கேட்கவும் அஞ்சும் ஒருத்தியின் நெஞ்சம் முழுதும் அச்செய்கையில் வெளிப்படுகிறது. பின்னொரு நாள் அச்சாட்டையைத் தானே பற்றி, அடித்தவளை எதிர்க்கும்போது, அவள் நிமிர்ந்து நிற்கும் நிலையே வேறாகிவிடுகிறது. முன்பு கூனிக் கிடந்த முதுகு இதுதானா என்று வியக்கிறோம்.

'ஸ்ட்ரீட் ஏஞ்சல்' 1928-ல் வந்தது. நேப்பில்ஸ் நகரத்து ஏழைப் பெண் ஏஞ்சலா, நோயுற்ற தாயின் மருந்துக்காகத் திருட முயன்று தண்டனை பெறுகிறாள், தப்பியோடுகிறாள், ஓர் ஓவியனோடு வாழ்வு தொடங்குகிறாள். போலீஸ்காரன் வந்துவிடுகிறான். ஒரே ஒரு மணி நேரம் தரும்படி அவனிடம் இரந்து பெற்று, காதலனுக்கு ஒன்றும் தெரியாதபடி, அந்த ஒரு மணி நேரத்தை அவனோடு விருந்துண்டு மகிழ்ந்து கழிக்கிறாள். அவள் முகம் சிரிக்கிறது. அச்சிரிப்பு எப்போது நழுவுமோ என்று நாம் நடுங்குகிறோம். துயரத்தைக் காட்டுவது எளிது. துயரத்தை ஒருவனிடம் மறைப்பதையும், மறைப்பது நமக்கு மட்டும் தெரிவதையும் ஒரே முகத்தில் காட்டுவது அரிது. ஊமைப்பட நடிப்பின் உச்சம் என்று நாம் கருதுவது இதனையே.

கேய்னரிடம் குறையும் உண்டு. போர்சேகியின் இரு படங்களிலும் அவர் ஏறக்குறைய ஒரே பெண்ணாகவே வருகிறார். எதிரில் நடிப்பவரும் அதே சார்லஸ் பேரல். விழிகளை மேலே உயர்த்தி நோக்கும் இனிமை சில இடங்களில் பழக்கமாகிவிடுகிறது. இறந்தானென்று கூறப்பட்ட சீக்கோ கண்ணிழந்து மீண்டு வரும் முடிவை எந்த நடிப்பாலும் நம்பவைக்க இயலவில்லை.

நிற்க. குளோரியா ஸ்வான்சன் நடித்த 'ஸேடி தாம்ஸன்' முற்றிலும் வேறு வகை. சாமர்செட் மாம் எழுதிய கதை. இயக்கியவர் ரௌல் வால்ஷ். ஸ்வான்சனே முன்னின்று தயாரித்த படம். இதே ஆசிரியர் நம் மலாயாவின் இரப்பர்த் தோட்டத்தைக் களமாக வைத்து எழுதிய 'தி லெட்டர்' 1929-ல் பேசும்படமாயிற்று. அதில் நடித்த ஜீன் ஈகெல்ஸ் என்பாரே, முன்னர் நாடக மேடையில் ஸேடியாக நடித்துப் புகழ்பெற்றவர்.

பசிபிக் மாகடலின் பாகோ பாகோ தீவில் மழையில் சிக்குண்ட கப்பற் பயணிகளுள் ஸேடி ஒருத்தி. அவளுடைய பழைய வாழ்வைக் காரணமாக்கி, அவளைத் தண்டனை காத்திருக்கும் ஊருக்கே திருப்பியனுப்பத் துடிக்கிறார் ஒருவர். மூலக்கதையில் அவர் பாதிரியார். தணிக்கைக்கு அஞ்சிப் படத்தில் அவரைப் பாதிரி என்னாமல், ஒழுக்கச் சீர்திருத்தக்காரர் என்று மாற்றினார்கள். லயனல் பாரிமோர் அவ்வேடம் பூண்டார். அவளை மனமாறச் செய்து, இறுதியில் அவள்மீதே இச்சை கொண்டு அவர் அழிகிறார். சீர்திருத்தம் என்ற சொல்லை நாளும் ஓதும் நாம் இவ்வேடத்தைக் கண்டு சினங்கொள்ளலாகாது. பிறர் ஒழுக்கத்தைத் திருத்தப் புகுவோர் எவரும் ஒருமுறை நின்று பார்க்கவேண்டிய கண்ணாடி அது.

ஸ்வான்சனின் ஸேடி முதலில் உடலெல்லாம் பேச்சாக வருகிறாள். இடையிற் கையூன்றி நிற்பதும், தோளைக் குலுக்கிச் சிரிப்பதும், அப்பெரியவரை எதிர்த்து வாய் ஓயாமல் வசைபாடுவதும் கண்ணாற் கேட்கத்தக்கவை. அவ்வசைகள் எழுத்துப் பலகையில் வாரா; உதடுகளில் வருகின்றன. பின்னர் அவள் மனமொடுங்கும்போது பூச்சும் அணியும் இல்லாத முகம், தாழ்ந்த குரலையுடையதுபோல் அசைவற்றுக் கிடக்கிறது. மனமாற்றத்தின் வெற்றி என்று அந்த மனிதர் மகிழ்கிறார். ஒரு பெண்ணின் உயிர்த்துடிப்பு அவிந்துபோயிற்று என்று நாம் அறிகிறோம். இவ்விரண்டையும் ஒருங்கே உணரவைத்தது ஸ்வான்சனின் திறம். இப்படத்தின் கடைசிச் சுருள் அழிந்துபோயிற்று. 1987-ல், கிடைத்த நிழற்படங்களையும் 1932-ல் வந்த மறுபடத்தின் காட்சிகளையும் கொண்டு அதன் முடிவை ஒட்டித் தந்தனர்.

மூன்றாமவர் லூயிஸ் டிரஸ்ஸர். 1928-ல் வந்த 'எ ஷிப் கம்ஸ் இன்' படத்தில் ஹங்கேரியிலிருந்து அமெரிக்காவுக்குக் கப்பலேறி வந்த குடும்பத்தின் தாய். கணவனாக நடித்த ருடால்ப் ஷில்ட்கிரௌட் ஐரோப்பிய மேடையில் வளர்ந்தவர். கைகளை விரித்து, முகமெல்லாம் மலர்ந்து நடிக்கிறார். புதுநாட்டை நம்பிக் குடியுரிமை பெற்ற அக்கணவன், செய்யாத வெடிகுண்டுக் குற்றத்திற்காகச் சிறை செல்கிறான். மகன் படையிற் சேர்ந்து போரில் மடிகிறான். இவ்வளவையும் தாங்கும் தாயாக டிரஸ்ஸர் மிகச் சுருக்கமாக நடிக்கிறார். கணவன் பெரிதாக நம்புமிடத்து, அவள் சிறிதாக ஐயுறுகிறாள், அவ்வளவுதான். கப்பலேறி வந்தவர்களின் மக்களாகிய நம் வாசகர்க்கு அத்தாய் புதியவள் அல்லள். புகழ்ந்தவர் குறைவாயினும், அவர் நடிப்பைப் பரிசுக்கு நிறுத்தியது தகும்.

பரிசு கேய்னருக்குச் சென்றது முறையா? ஒரு படத்தை மட்டும் நிறுத்துப் பார்த்தால் ஸ்வான்சனின் ஸேடி எதற்கும் இளைத்ததன்று. அவ்வேடம் கடினமானது, தணிக்கையோடு போராடிப் பெற்றது. மூன்று படங்களையும் சேர்த்து நோக்கும்போது கேய்னரின் பக்கமே தட்டுத் தாழ்கிறது. 'சன்ரைஸ்' ஒன்றில், கதையின் குறையையே தன் நடிப்பால் நிறைவாக்கினார் என்பதே நம் தீர்ப்பின் காரணம். எழுதியவன் நினையாத நியாயத்தை ஒரு பெண்ணுக்கு நடிகை வாங்கித் தந்தாள்.

அக்கலைக்குக் கிடைத்த காலமோ சிறிது. 1927 அக்டோபரில் 'ஜாஸ் ஸிங்கர்' வந்து, திரையிற் குரலை நிலைநாட்டிற்று. இரண்டாம் முறை சிறந்த நடிகைப் பரிசு பெற்ற மேரி பிக்போர்டு பேசும்படத்தில் நடித்தே அதைப் பெற்றார். ஊமைப்பட நடிப்புக்காகச் சிறந்த நடிகைப் பரிசு பெற்றவர் கேய்னர் ஒருவரே. ஸ்வான்சனோ 1950-ல், உலகம் மறந்துவிட்ட ஊமைப்பட நடிகையொருத்தியாக 'சன்செட் பூல்வார்ட்' படத்தில் நடித்து மீண்டும் பரிசுக்கு முன்மொழியப்பட்டார்.

அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2013-ல் வெளியிட்ட ஆய்வின்படி, 1912 முதல் 1929 வரை அந்நாட்டில் வெளிவந்த 10,919 முழுநீள ஊமைப்படங்களில், முதலில் வெளிவந்த வடிவிலேயே முழுமையாக எஞ்சியவை நூற்றுக்கு 14 தான். நம் தாயகத்திலும் சென்னையில் ஆர். நடராஜ முதலியார் எடுத்த 'கீசக வத'த்தின் பிரதி ஒன்றும் இன்றில்லை. எத்தனை நடிகையரின் உழைப்பு அழிந்ததோ, அதை அளக்க வழியில்லை.

அழியாது எஞ்சியவற்றையேனும் நாம் மதித்துப் பார்த்தல் வேண்டும். வாசகர்காள், 'சன்ரைஸ்' காணும் வாய்ப்புக் கிட்டுமாயின் சரியான வேகத்தில் ஓடும் பிரதியையே நாடுங்கள். எழுத்துப் பலகைகளைப் படிக்க அவசரப்படாதீர்கள். அந்தப் பெண்ணின் தோள்களைப் பாருங்கள். இன்றைய நம் படங்களில் கதைத்தலைவி பக்கம் பக்கமாகப் பேசியும் சொல்லாத செய்தியை, 1927-ம் ஆண்டு டிராம் வண்டி மூலையில் நின்ற ஒருத்தி சொல்வது உங்கட்கு விளங்கும்.